எட்டுத் தேரும் ஒற்றைச் சக்கரமும்
(மகிழுந்து செய்யும் நாடுகளின் வலிமை: ஒரு வரலாற்று ஒப்பீடு)

சங்க இலக்கியத்தில் தேர் செய்யும் தச்சனுக்குத் தனிச் சிறப்பு உண்டு. புறநானூற்றின் 87ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்க வந்த ஔவையார், வாளையோ வேலையோ உவமையாக்காமல் ஒரு தேர்ச்சக்கரத்தை உவமையாக்குகின்றார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்க வல்ல தச்சன் ஒரு மாதம் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவன் என்பது அவ்வுவமையின் பொருள். விரைவும் பெருக்கமும் ஒருபுறம், பொறுமையும் நுட்பமும் மறுபுறம் என்னும் இருவகை ஆற்றலும் ஒரே கைவினைஞனிடம் கூடியிருத்தலே தொழிலின் உச்சம் என்று பழந்தமிழ்ப் புலமை உணர்ந்திருந்தமை எண்ணத்தக்கது.

கடந்த 140 ஆண்டுகளில் தேரின் இடத்தை மகிழுந்து பெற்றுவிட்டது. அதனைச் செய்யும் நாடுகளைப் பற்றி மக்களிடையே சில முடிந்த முடிபுகள் வழங்குகின்றன. ஜெர்மானிய வண்டி உறுதியானது, ஜப்பானிய வண்டி பழுதாகாது, அமெரிக்க வண்டி பெரியது, இத்தாலிய வண்டி அழகியது, கொரிய வண்டி மலிவானது என்பன அவை. இவ்வியல்புகள் அந்தந்த நாட்டாரின் குருதியிலேயே ஊறியவை என்பது போன்ற ஒரு தொனி இப்பேச்சுகளில் இழையோடுவதுண்டு. வரலாற்றை வரிசையாக நோக்குவார்க்கு இது பொருந்தாமை விளங்கும். ஒவ்வொரு நாட்டின் வலிமையும் அந்நாடு எதிர்கொண்ட ஏதோ ஒரு குறையிலிருந்தோ தேவையிலிருந்தோ பிறந்தது. பிறரிடம் மாணவராக அமர்ந்து கற்றதனால் வளர்ந்தது. கற்பதை நிறுத்தியபோது தேய்ந்தது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த நாடும் பேணிய நாடும்

மகிழுந்து பிறந்தது ஜெர்மனியில். நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் நான்கு வீச்சுப் பொறியை உருவாக்கினார். அவ்வகைப் பொறியை மூன்று சக்கர வண்டியொன்றில் பொருத்திய கார்ல் பென்ஸ், 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் மன்ஹைம் நகரிலிருந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் நான்கு சக்கர வண்டியொன்றில் தம் பொறியைப் பொருத்தி ஓட்டினர். பென்ஸ் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியிலும், டைம்லர் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்றவர்கள். டைம்லர் இளமையில் இங்கிலாந்தின் இயந்திரச் சாலைகளிலும் பணியாற்றித் தொழில் கற்றவர். பிறப்பிலேயே இக்கலை நாடு கடந்து கற்ற கலையாக இருந்தமை இதனால் புலப்படும்.

புதிய வண்டியை உலகம் நம்பவில்லை. அந்நம்பிக்கையை ஏற்படுத்தியவர் பென்சின் மனைவி பெர்த்தா பென்ஸ் ஆவார். 1888 ஆகஸ்டு மாதத்தில் கணவருக்குச் சொல்லாமலே தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலாக அவர் வண்டியைச் செலுத்தினார். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாயில் ஏற்பட்ட அடைப்பைத் தொப்பி ஊசியால் நீக்கினார். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்துவித்தார். மேடேற இயலாத குறையையும் அவர் கண்டு சொல்ல, பென்ஸ் கூடுதலாக ஒரு பல்சக்கர அமைப்பைச் சேர்த்தார். உலகின் முதல் நெடும்பயணச் சோதனையைச் செய்து குறைகண்டு திருத்தியவர் ஒரு பெண்மணி என்பது தொழில் வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்கதாகும்.

பிறந்த குழந்தையைப் பேணி வளர்த்த நாடு பிரான்சு. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், தானியங்கு வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்று விதித்திருந்தது. கொடி பற்றிய விதி பின்னர்த் தளர்ந்தபோதிலும், நடைவேகக் கட்டுப்பாடு நீங்க 1896ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சிலோ நேரிய நல்ல சாலைகள் இருந்தன; புதுமையை விரும்பி வாங்கும் செல்வர் இருந்தனர். பனார் லெவாசோர் நிறுவனத்தார் டைம்லரின் பொறியை உரிமம் பெற்று வாங்கி, 1891இல் அதனை வண்டியின் முன்புறம் அமைத்துப் பின்சக்கரங்களை இயக்கினர். பல்லாண்டுக் காலம் உலக மகிழுந்துகளின் பொது அமைப்பாக நிலைத்தது அதுவே. 1903ஆம் ஆண்டளவில் உலகில் உருவான மகிழுந்துகளுள் ஏறத்தாழப் பாதி பிரான்சில் உருவானவை. கராஜ், சேசிஸ், ஷோபர் என்று இன்றும் பல மொழிகளில் வழங்கும் சொற்கள் பிரெஞ்சுச் சொற்களே. ஒரு தொழிலில் யார் முந்தியிருந்தனர் என்பதற்கு மொழியே கல்வெட்டாக நிற்பதை இங்குக் காணலாம்.

அமெரிக்கா: பெருக்கத்தின் வலிமை

அமெரிக்காவின் தேவை வேறு. நிலப்பரப்பு பெரிது, பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன. தேர்ந்த கைவினைஞர் போதிய அளவில் இல்லை. பல மொழி பேசும் குடியேறிகளே ஆலைகளில் நிறைந்திருந்தனர். ஐரோப்பியப் பட்டறையில் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் அராவி மற்றோர் உறுப்போடு பொருத்திய கைவினைஞனின் இடத்தை அளவுமாறா உறுப்புகளால் நிரப்ப வேண்டிய கட்டாயம் அந்நாட்டுக்கு ஏற்பட்டது.

இவ்வாற்றல் முதன்முதலில் உலகோர் கண்முன் வெளிப்பட்ட இடம் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடமாகும். 1908இல் மூன்று காடிலாக் வண்டிகளை அங்குக் கழற்றி, உறுப்புகளையெல்லாம் ஒன்றாகக் கலந்து, திருகுச்சாவியும் திருப்புளியும் மட்டுமே கொண்டு மீண்டும் மூன்று வண்டிகளாகப் பூட்டினர். அவை 500 மைல் ஓடி நிறைந்தன. அந்நிறுவனத்தை வழிநடத்திய ஹென்றி லேலண்டு, படைக்கலத் தொழிற்சாலைகளில் நுண்ணளவுப் பயிற்சி பெற்றவர். துப்பாக்கித் தொழிலின் கல்வியே மகிழுந்துத் தொழிலுக்கு அடித்தளமாயிற்று.

அதே 1908இல் ஹென்றி போர்டு தம் டி வகை வண்டியை 850 டாலர் விலையில் வெளியிட்டார். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை அமைந்தது. சிகாகோ நகர இறைச்சிக் கூடங்களில் தொங்கியபடி நகரும் உடலங்களிலிருந்து ஒவ்வொரு பணியாளும் ஒவ்வொரு பகுதியை வெட்டியெடுக்கும் முறையே இதற்கு முன்மாதிரி எனப்படுகின்றது. அங்கே பிரித்ததை இங்கே பூட்டினர். ஓர் அடிச்சட்டகத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆன நிலை மாறி, 93 நிமிடங்களில் அப்பணி முடிந்தது. 1927ஆம் ஆண்டில் அவ்வகை வண்டி நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன.

இப்பெருக்கத்திற்கு மனிதன் கொடுத்த விலை சிறிதன்று. ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் வேலையைத் தாங்க மாட்டாமல் தொழிலாளர் அலையலையாக வெளியேறினர். 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் கூலி என்று போர்டு அறிவித்ததற்கு இதுவே முதன்மையான காரணம். அக்கூலியைப் பெறுவார் எவ்வாறு வாழ்கின்றனர் என்று வீடுதோறும் சென்று பார்ப்பதற்கெனத் தனித்துறை ஒன்றும் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் பெண் தொழிலாளர்க்கு இவ்வுயர்வு வழங்கப்படவில்லை. இருப்பினும், வண்டி செய்பவனே வண்டி வாங்கவும் கூடும் என்னும் நிலை தோன்றியது இந்நாட்டில்தான்.

அடுத்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன், தவணைமுறைக் கடனையும், ஆண்டுக்கோர் புதுத் தோற்றத்தையும், வருவாய்க்கேற்ற வண்டி வரிசையையும் கொண்டு போர்டை முந்தினார். காலப்போக்கில் வண்டியின் உள்ளுறுதியைவிடப் புறத்தோற்றம் பேணப்பட்டது. உள்நாட்டுச் சந்தை ஒன்றே போதுமானதாக இருந்தமையால் வெளியுலகைக் கற்கும் தேவை எழவில்லை. அதன் விளைவு பின்னர்க் காணப்படும்.

இங்கிலாந்து: முதலிடமும் வீழ்ச்சியும்

1950ஆம் ஆண்டில் உலகிலேயே மிகுதியான மகிழுந்துகளை ஏற்றுமதி செய்த நாடு இங்கிலாந்து என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். போரினால் ஐரோப்பிய ஆலைகள் சிதைந்திருந்தன. அமெரிக்க ஆலைகள் உள்நாட்டுக்கே உழைத்தன. ஏற்றுமதி செய்வார்க்கே எஃகு என்று பிரித்தானிய அரசும் ஊக்கியது. போட்டியற்ற அக்காலமே அந்நாட்டின் பெருவாய்ப்பும் பெருங்கேடும் ஆயிற்று.

நெடுங்காலமாக அந்நாட்டு வரிமுறை பொறியின் உருளைக் குறுக்களவைக் கணக்கிட்டு அமைந்திருந்தது. வரிக்கு அஞ்சி ஒடுங்கிய நீண்ட உருளைகளைக் கொண்ட சிறுபொறிகளையே செய்து பழகினர். இங்கிலாந்தின் குறுஞ்சாலைகளுக்கு அவை ஏற்றன. ஆஸ்திரேலியாவின் நெடுஞ்சாலைகளில் நாள் முழுதும் விரைந்தோட அவை ஏற்றவையல்ல. வாங்கியோர் குறைகூறினர், வேறு வண்டி கிடைக்கும்வரை பொறுத்துக்கொண்டனர், கிடைத்ததும் மாறினர்.

அறிவுவளம் அங்குக் குறைந்ததாகச் சொல்ல இயலாது. சூயஸ் நெருக்கடியால் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டதைத் தொடர்ந்து அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி, பொறியைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியது. இன்று உலகில் ஓடும் சிறு மகிழுந்துகளுள் பெரும்பாலானவை அவ்வமைப்பின் வழித்தோன்றல்கள். புதுமை கண்ட நாடு அதனால் ஆதாயம் பெறவில்லை. சிதறிக்கிடந்த ஆலைகள், ஒன்றோடொன்று போட்டியிட்ட பெயர்கள், புது இயந்திரங்களுக்குச் செலவிடாத மேலாண்மை, ஓயாத வேலைநிறுத்தங்கள் ஆகியன தொழிலை அரித்தன. பல நிறுவனங்கள் 1968இல் பிரிட்டிஷ் லேலண்டு என ஒன்றாயின. 1975இல் அது அரசுடைமையாயிற்று. அதன் எஞ்சிய கிளைகளுள் ஒன்றான எம்.ஜி. ரோவர் 2005இல் வீழ்ந்தது. லாங்பிரிட்ஜ் ஆலையை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே வாரத்தில் வாழ்வாதாரம் இழந்தன.

ஜெர்மனி: இடிபாட்டிலிருந்து

வோல்ப்ஸ்பர்க் ஆலை 1938இல் நாஜி அரசால் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் அடிமைகளைப் போல் கொண்டுவரப்பட்ட பல்லாயிரவர் அங்குப் படைக்கலம் செய்தனர். இக்கறையை மறைத்து அவ்வாலையின் பெருமையை மட்டும் பேசுதல் வரலாறாகாது. 1945இல் ஆலை பிரித்தானியப் படையினரின் பொறுப்பில் வந்தது. அதனைக் கண்ட பிரித்தானிய மகிழுந்துத் தொழிலதிபர்கள், வண்டி தோற்றத்தாலும் செயலாலும் எவரையும் கவராது என்று ஒதுக்கினர். ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பிரித்தானியப் படை அலுவலரே இடிபாடுகளை நீக்கி உற்பத்தியைத் தொடங்கச் செய்தார். ஒதுக்கப்பட்ட அவ்வண்டி 1972இல் போர்டின் டி வகை எண்ணிக்கையைக் கடந்தது. 2003இல் மெக்சிகோவில் இறுதி வண்டி வெளிவரும்வரை இரண்டு கோடியே பத்து இலட்சத்திற்கும் மேலாக உருவாயிற்று.

ஜெர்மானிய வலிமையின் வேர் அதன் தொழிற்கல்வியில் உள்ளது. பள்ளிப் படிப்போடு பட்டறைப் பயிற்சியையும் இணைத்துப் பெறும் முறை அங்கு நிலைபெற்றுள்ளது. கைத்தொழில் கற்றவர் சமுதாயத்தில் தாழ்வாக எண்ணப்படுவதில்லை. பாஷ் போன்ற உறுப்பு செய்யும் நிறுவனங்கள் மகிழுந்து நிறுவனங்களோடு சேர்ந்தே ஆராய்ந்தன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு பிரேக் அமைப்பு 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் இடம்பெற்றது இக்கூட்டுறவின் பயனே. ஆனால் நுட்பம் ஒழுக்கத்தோடு நில்லாவிடில் என்னாகும் என்பதையும் இந்நாடே காட்டியது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் டீசல் வண்டிகளில் மறைக்கப்பட்டிருந்தமை 2015இல் வெளிப்பட்டபோது, வோக்ஸ்வேகன் நிறுவனம் பல நாடுகளில் நாணித் தலைகுனிந்தது.

ஜப்பான்: வறுமை கற்பித்த பாடம்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் முதலீடு இல்லை, இடம் இல்லை, பெரிய சந்தையும் இல்லை. நிசான் நிறுவனம் 1952இல் இங்கிலாந்தின் ஆஸ்டினோடு ஒப்பந்தம் செய்து வண்டி செய்யக் கற்றது. ஹினோ பிரெஞ்சு ரெனோவிடம் கற்றது. 1950இல் டொயோட்டா திவாலாகும் நிலையை எட்டிப் பெரும் தொழிற்தகராற்றைச் சந்தித்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதே ஆண்டில் ஏஜி டொயோடா அமெரிக்காவிற்குச் சென்று போர்டின் ரூஜ் ஆலையை ஊன்றிக் கற்றார். அவ்வாலை ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வண்டிகளை ஈன்றுகொண்டிருந்தது. அதை அப்படியே பின்பற்றுவது தம்மால் இயலாது என்று உணர்ந்ததே டொயோட்டாவின் அறிவுடைமை.

உறுப்புகளை மலைபோல் குவித்து வைக்கப் பணமில்லை. ஆகவே வேண்டியது, வேண்டிய பொழுதில், வேண்டிய அளவே வரவேண்டும் என்னும் முறையைத் தாயிச்சி ஓனோ வகுத்தார். வாடிக்கையாளர் எடுத்த இடத்தை மட்டும் நிரப்பும் அமெரிக்கப் பலசரக்கு அங்காடியின் முறை அவருக்கு வழிகாட்டியது. கெட்ட உறுப்பை வீணாக்க வசதியில்லை. ஆகவே பிழை தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்தித் திருத்த வேண்டும் என்றாயிற்று. இதன் மூலம் தறியில் உள்ளது. கீச்சிரோவின் தந்தை சகீச்சி டொயோடா வடிவமைத்த தானியங்கித் தறி, நூலிழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும். 1929இல் அத்தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் நிறுவனமே விலைகொடுத்துப் பெற்றது. தறி நின்றது போலவே மகிழுந்து வரிசையும் நிற்கலாயிற்று. பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து அழைக்கலாம். தேவைப்படின் வரிசை நிற்கும். போர்டின் ஆலையில் மேலதிகாரிக்கே உரிய அதிகாரம் இங்கே கடைநிலைத் தொழிலாளிக்குக் கிட்டியது. இதுவே ஜப்பானிய முறையின் உயிர்நாடி எனலாம்.

தரக்கட்டுப்பாட்டுக் கலையைக் கற்பித்தவரும் ஓர் அமெரிக்கரே. எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகளைத் தாய்நாட்டினும் மிகுதியாக அந்நாடு போற்றியது. 1951 முதல் அவர் பெயரால் பரிசும் வழங்குகின்றது. வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1957இல் அமெரிக்காவில் விற்க முயன்ற டொயோட்டா கிரவுன் வண்டி, அந்நாட்டு நெடுஞ்சாலை வேகத்திற்கு ஈடுகொடுக்க மாட்டாமல் தோற்றது. தோல்வியை ஆராய்ந்து திருத்தினர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது எரிபொருள் குறைவாகச் செலவழிக்கும் சிறுவண்டிகள் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தன. 1980இல் உந்து உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது. 1986இல் நிசான் இங்கிலாந்தின் சண்டர்லாண்டு நகரில் ஆலை திறந்தது. ஆஸ்டினிடம் பயின்ற மாணவன் ஆசிரியனின் நாட்டில் ஆசானாக அமர்ந்தான்.

பிரீமாண்ட் ஆலை தந்த சான்று

ஜப்பானியரின் வெற்றிக்கு அவர்தம் இனப்பண்பே காரணம் என்ற வாதத்தை உடைக்கும் சான்று கலிபோர்னியாவில் கிடைக்கின்றது. பிரீமாண்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, அந்நிறுவனத்தின் ஆலைகளுள் மிகவும் கெட்ட பெயரெடுத்தவற்றுள் ஒன்று. வேலைக்கு வாராதோர் மிகுதி. வேலை நேரத்தில் குடியும் உண்டு. செய்த வண்டிகளில் குறைகளும் மிகுதி. 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக அதே கட்டடத்தில் புதிய ஆலையைத் தொடங்கின. வேலைக்கு எடுக்கப்பட்டோருள் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே, பழைய தொழிற்சங்கமே. அவர்களுள் சிலர் ஜப்பானுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பயிற்சி பெற்றனர். வரிசையை நிறுத்தும் கயிறு அவர்கள் கையில் தரப்பட்டது. மிக விரைவிலேயே அவர்கள் செய்த வண்டிகள் தரத்தில் ஜப்பானில் செய்தவற்றோடு ஒத்து நின்றன. வேலைக்கு வாராமையும் பெரிதும் குறைந்தது.

ஆட்கள் மாறவில்லை, ஊர் மாறவில்லை, மாறியது நடத்தும் முறையும் நம்பிக்கையுமே. நாட்டுப்பண்பு என்று பேசப்படுவது உண்மையில் நிருவாகப்பண்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் கண்ணெதிரே கிடைத்த பாடத்தைத் தன் ஏனைய ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல ஜெனரல் மோட்டார்ஸ் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 2009இல் அந்நிறுவனம் திவால் நிலையை அறிவித்தது. பிரீமாண்ட் கூட்டு ஆலையும் 2010இல் மூடப்பட்டது. பின்னர் டெஸ்லா அதனை வாங்கி மின்வண்டிகள் செய்யலாயிற்று. மகிழுந்துத் தலைநகராக விளங்கிய டெட்ராய்ட்டில் 1950இல் 18 இலட்சத்திற்கு மேல் மக்கள் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. தொழில் தேயும்போது ஊரும் தேய்கின்றது.

கொரியாவும் சீனாவும்: பிந்தி வந்த மாணவர்

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1967இல் தோன்றி, போர்டின் கார்ட்டினா வண்டியைப் பூட்டித் தரும் பணியில் தொடங்கியது. பூட்டும் பணியோடு நிற்க அதன் நிறுவனர் சுங் ஜு யுங் விரும்பவில்லை. பிரிட்டிஷ் லேலண்டிலிருந்து விலகிய ஜார்ஜ் டர்ன்புல் வழிகாட்ட, இத்தாலியின் ஜியுஜியாரோ வடிவம் வரைய, ஜப்பானின் மிட்சுபிஷி பொறி தர, 1975இல் போனி என்னும் வண்டி உருவாயிற்று. சொந்தப் பொறியை வடிக்க 1991 வரை உழைக்க வேண்டியிருந்தது. 1986இல் அமெரிக்காவில் மலிவாக விற்ற வண்டிகள் பழுதால் பெயரிழந்தன. அப்பழியைத் துடைக்க 1998இல் பத்தாண்டு உத்தரவாதம் தந்து, அவ்வாக்கைக் காக்கத் தரத்தை உயர்த்தினர். ஒரே வண்டியில் மூன்று நாடுகளின் கல்வி கூடியிருந்தமை ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது.

சீனா 1953இல் சோவியத்து உதவியுடன் சாங்சுன் நகரில் உந்து ஆலையைக் கட்டத் தொடங்கியது. 1984இல் வோக்ஸ்வேகனோடு ஷாங்காயில் கூட்டு ஒப்பந்தம் செய்தது. வெளிநாட்டார் பாதிப் பங்குக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்ற விதியின் கீழ் முப்பது ஆண்டுகள் கற்றபோதிலும், எரிபொறிக் கலையில் ஆசிரியர்களை எட்ட இயலவில்லை. ஆடியில் பணியாற்றித் திரும்பிய பொறியாளர் வான் காங் 2007இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். பழைய பந்தயத்தில் பின்தங்கியோர் புதிய பந்தயத்தைத் தொடங்கலாம் என்பதே சீனம் கைக்கொண்ட நெறி. கைப்பேசிகளுக்கு மின்கலம் செய்ய 1995இல் ஷென்சென் நகரில் தோன்றிய பி.ஒய்.டி. நிறுவனம், 2003இல் மகிழுந்துத் தொழிலில் நுழைந்தது. மின்வண்டியின் உயிர் மின்கலத்தில் இருப்பதால், அத்தொழிலை அறிந்தோரே முந்தினர். 2009இல் உற்பத்தியில் முதலிடம் பெற்ற சீனா, 2023இல் ஏற்றுமதியிலும் ஜப்பானை முந்தியது. அதே 2023இல் வோக்ஸ்வேகன் நிறுவனம் எக்ஸ்பெங் என்னும் இளஞ்சீன நிறுவனத்தில் பங்கு வாங்கி, அதன் நுட்பத்தைப் பெற ஒப்பந்தம் செய்தது. ஆசானும் மாணவனும் மீண்டும் இடம் மாறினர்.

இந்தியாவின் நிலை

மேற்கண்ட அளவுகோலை இந்தியாவுக்கும் பொருத்திப் பார்த்தல் முறையாகும். உறுப்புகளை இறக்குமதி செய்து பூட்டிவந்த அமெரிக்க நிறுவனங்கள், உள்நாட்டிலேயே உறுப்பு செய்ய வேண்டும் என்ற 1950களின் கொள்கைக்கு உடன்படாமல் வெளியேறின. மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த அம்பாசிடரும், ஃபியட் 1100 வழிவந்த பிரிமியர் பத்மினியும் போட்டியின்றி ஆண்டன. கேட்டவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கினர். அம்பாசிடர் சில மாறுதல்களோடு 2014 வரை அரை நூற்றாண்டிற்கும் மேலாகத் தொடர்ந்தது. பாதுகாக்கப்பட்ட சந்தையில் கற்கும் தேவை எழாது என்பதை இங்கிலாந்தைப் போலவே இந்தியாவும் மெய்ப்பித்தது.

1983இல் சுசுகியின் துணையோடு மாருதி வண்டி வெளிவந்தபோது நிலை மாறத் தொடங்கியது. வண்டியோடு தொழில்முறையும் வந்தது. அதிகாரியும் தொழிலாளியும் ஒரே சீருடை அணிந்து ஒரே உணவகத்தில் உண்டனர். உறுப்பு செய்யும் சிறுநிறுவனங்களும் தரம் கற்றன. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசைப் பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே. அமெரிக்கரிடம் பிறந்து ஜப்பானில் வளர்ந்த கல்வி பாடியை அடைந்த வரலாறு தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்கது. அதே ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. டாட்டா இந்தியாவிலேயே உருவாக்கிய இண்டிகாவும் வெளிவந்தது. 2008இல் அதே டாட்டா நிறுவனம் இங்கிலாந்தின் ஜாகுவார், லேண்ட் ரோவர் நிறுவனங்களை விலைக்கு வாங்கியது.

எனினும் எச்சரிக்கையும் உண்டு. மறைமலைநகரில் கால் நூற்றாண்டு நடந்த போர்டு ஆலை, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அந்நிறுவனம் அறிவித்ததைத் தொடர்ந்து 2022இல் ஓய்ந்தது. பணியாற்றியோரின் கைத்திறனில் குறையில்லை. அங்கிருந்து வண்டிகள் பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. ஆனால் என்ன வண்டி, எத்தனை, எதுவரை என்னும் முடிவுகள் கடல்கடந்த இடத்தில் எடுக்கப்பட்டன. லாங்பிரிட்ஜ் தொழிலாளர்க்கும் மறைமலைநகர்த் தொழிலாளர்க்கும் நேர்ந்த துயரம் ஒன்றே. பூட்டும் திறன் வேறு, வடிக்கும் திறன் வேறு. கொரியர் போனி வண்டியில் தொடங்கிய பதினாறு ஆண்டுகளில் சொந்தப் பொறி கண்டதன் உட்பொருள் இவ்விடத்தில் விளங்கும்.

முடிவாக

நாடுகளை ஒப்பிட்டு நோக்குமிடத்து நிலையான முதலிடம் எந்நாட்டிற்கும் வாய்க்கவில்லை என்பது தெளிவாகின்றது. பிரான்சிடமிருந்து அமெரிக்காவுக்கும், ஏற்றுமதியில் இங்கிலாந்திடமிருந்து ஜெர்மனிக்கும், பின்னர் ஜப்பானுக்கும், இப்போது சீனாவுக்கும் அவ்விடம் பெயர்ந்துகொண்டே வந்துள்ளது. ஆள்பற்றாக்குறை அமெரிக்காவுக்கும், முதற்பற்றாக்குறை ஜப்பானுக்கும், எரிபொறியில் பின்தங்கியமை சீனாவுக்கும் ஆசானாக அமைந்தன. வளமான சந்தையோ இங்கிலாந்தையும் டெட்ராய்ட்டையும் உறங்க வைத்தது.

போர்டின் வரிசை எட்டுத் தேர்களை ஒரு நாளில் செய்யும் ஆற்றலைத் தந்தது. ஜெர்மானியப் பட்டறை ஒற்றைச் சக்கரத்திற்கு ஒரு மாதம் உழைக்கும் பொறுமையைத் தந்தது. இவ்விரண்டையும் ஒரே தச்சனின் கையில் சேர்க்க முயன்றதும், அத்தச்சனுக்கு வேலையை நிறுத்தும் உரிமையை வழங்கியதுமே ஜப்பானியர் செய்த மாற்றம். ஔவையாரின் உவமையில் தேரைச் செய்வித்த மன்னன் இல்லை. மரத்தின் விலை இல்லை. தச்சன் மட்டுமே இருக்கின்றான். ஆலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு தம் வலிமையை அளக்கும் அரசுகள், அவ்வாலைகளில் எத்தனை தச்சர் உருவாகின்றனர் என்பதையும் கணக்கிடுதல் வேண்டும். ஆலை பெயர்ந்து போகலாம். கற்ற கை ஊரிலேயே தங்கும்.